புல்லுக்கு ஒரு துண்டுக் காணி: பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

தலவாக்கலைக்கு மேலே, குளிர் கூடிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாடு வளர்க்கும் குடும்பம் எங்களுடையது. கறவையில் மூன்று பசுக்கள், சினையாக இருக்கும் ஒரு கிடாரி, இரண்டு கன்றுகள், கொட்டிலுக்குப் பின்னால் கொஞ்சம் நாட்டுக்கோழி. மாமனார் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் வாங்கிய ஒரே ஒரு பசுவில் தொடங்கியது இந்தப் பட்டி. இன்று அவர் இல்லை. நானும் கணவரும் மாமியாரும் பார்க்கிறோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டுவார்கள்.

உங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடல். மாடு எங்களுடையது. கொட்டிலுக்குப் போட்ட தகரமும் சீமெந்தும் எங்கள் காசு. ஆனால் கொட்டில் நிற்கும் மண்ணும் மாட்டுக்குப் புல் வளரும் மண்ணும் உங்கள் குத்தகையில் இருக்கின்றன. அந்த மண்ணை நாங்கள் பயன்படுத்துவதற்கு எழுத்தில் ஓர் உரிமை வேண்டும். தானமாகக் கேட்கவில்லை. நியாயமான வாடகை வைத்து, காலத்தைக் குறித்து, கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்கிறோம். மலையகத்தில் எங்களைப்போல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மாடு கட்டியிருக்கும் குடும்பங்களுக்கெல்லாம் இதே தேவை இருப்பதால், ஒரு தோட்டத்து அலுவலகத்துக்கு எழுதும் கடிதமாக இல்லாமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

இப்போது நடப்பதெல்லாம் வாய்ச்சொல்லில்தான். ஒரு துரை, அதாவது தோட்ட முகாமையாளர், இருக்கும்போது, "வைத்துக்கொள்ளுங்கள், தேயிலைக்குள் மாடு இறங்காமல் பார்த்தால் சரி" என்பார். அவர் மாற்றலாகிப் போனதும் அடுத்து வருகிறவர், "யாரைக் கேட்டுக் கட்டினீர்கள்?" என்பார். எங்களுக்கும் அதுதான் நடந்தது. ஓடையை அடுத்த ஒரு சரிவில் தேயிலை எப்போதோ செத்துப்போய், மானாப் புல்லும் முள்ளுப் பற்றையும் மண்டிக் கிடந்தன. கேட்டோம், தலையாட்டினார்கள். குடும்பமே இறங்கிப் பற்றை வெட்டி, கல் பொறுக்கி அணை கட்டி, சாணம் சுமந்து போட்டு, சி.ஓ. 3 என்ற தீவனப் புல்லின் கரணைகளை (தண்டுத் துண்டுகளை) நட்டோம். எங்கள் குளிருக்கு அந்தப் புல் கீழ்நாட்டில்போல் மளமளவென்று வராது. எருவைத் தாராளமாகப் போட்டுப் பொறுமையாக இருந்தால் வரும். வந்தது. ஆள் உயரத்துக்கு நின்ற புல்லைப் பார்த்து மாமனார் சந்தோஷப்பட்டதைப்போல் வேறு எதற்கும் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு நிர்வாகம் மாறியது. அந்தச் சரிவில் விறகு மரம் நடப் போவதாகவும் இரண்டு கிழமைக்குள் புல்லை எடுத்துவிட வேண்டும் என்றும் ஆள் சொல்லி அனுப்பினார்கள். காட்டுவதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. புல்லை நாங்களே வெட்டினோம். தீனி இல்லாமல் எல்லா மாட்டையும் பட்டினி போட முடியாது என்பதால், இருந்ததிலேயே நல்ல கறவையைக் கேட்ட விலைக்குக் கொடுத்தோம். லொறியில் ஏற்றும்போது மாமியார் எங்கள் லயத்து அறையான காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தச் சரிவில் இன்றுவரை மரமும் இல்லை, புல்லும் இல்லை. பழையபடி முள்ளுப் பற்றைதான்.

அந்தத் துரைமீது எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. அவருக்கு முன்னால் இருந்தவர் சொன்னது எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாததை அவர் மதிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நான் குறை சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

மாட்டுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்பதை அலுவலகத்தில் இருப்பவர்கள் பலர் குறைத்தே நினைக்கிறார்கள். ஆகவே கணக்கைச் சொல்கிறேன். 400 கிலோ எடையுள்ள ஒரு கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 40 கிலோ அளவில் பச்சைப்புல் வேண்டும். வருடத்துக்கு 14 தொன்னைத் தாண்டும். நன்றாக எருப் போட்ட கால் ஏக்கர், அதாவது 40 பேர்ச், ஒரு பசுவை ஓரளவு தாங்கும் என்பது எங்கள் அனுபவம். தனி வீட்டுத் திட்டங்களில் எங்கள் மக்களுக்குக் கிடைத்தது 7 பேர்ச். இந்திய உதவியில் பின்னர் வந்த திட்டத்தில் 10 பேர்ச் என்றார்கள். வீட்டையும் மலசலகூடத்தையும் கட்டி, படிக்கட்டும் வைத்த பிறகு அதில் மிஞ்சும் இடத்தில் கொச்சிக்காய்ச் செடி நடலாம். ஒரு மாட்டைக் கட்டலாம். அந்த மாட்டுக்கு எதைப் போடுவது?

புல் நிலம் இல்லாத வீட்டில் அந்தப் பாரம் பெண்களின் தலையில்தான் ஏறுகிறது. மாமியார் காலை ஏழரைக்குத் தேயிலை மலைக்கு ஏறி, நாலரைக்குக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வராமல் அப்படியே ரோட்டோரமும் கானோரமும் புல் அறுக்கப் போவார். இருட்டும் நேரத்தில், கொழுந்து எடுக்கக் கட்டிய படங்கை அவிழ்க்காமலே, நனைந்த புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்குப் பாதையில் இறங்கி வருவார். கட்டிலிருந்து வடியும் தண்ணீர் முதுகுவழியாக ஓடும். காலில் அட்டை. அப்படி அறுத்த புல்லைக் கொஞ்சம் வாடவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மாட்டுக்கு வயிறு ஊதிவிடும். அதற்கும் அவர்தான் காவல். இன்று அவருக்கு நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

மருந்தடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலைக்கு நடுவே முளைக்கும் களையும் மலையோரத்துப் புல்லும்தான் நிலமில்லாதவர்களின் தீவனம். எந்த மலையில் எந்த நாளில் களைநாசினி அடித்தார்கள் என்று மாடு வைத்திருப்பவர்களுக்கு யாரும் அறிவிப்பதில்லை. மருந்து பட்ட புல் இரண்டொரு நாள் பச்சையாகத்தான் நிற்கும், பார்த்தால் தெரியாது. ஒரு தடவை அப்படி அறுத்து வந்த புல்லைத் தின்று எங்கள் மாடுகள் கழியத் தொடங்கின. மிருக வைத்தியர் சொன்னபடி பாலை ஊற்றாமல் கீழே கொட்டினோம். கன்றுக்கும் கொடுக்கவில்லை. எங்களுக்குப் போதிய புல் நிலம் இருந்தால் இந்தப் பயமே வேண்டியதில்லை.

எங்கள் கொட்டிலை நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. கொங்கிரீட் தரையைப் பின்பக்கம் சரிவாக இழுத்திருக்கிறோம். மாடு வழுக்காமல் இருக்க, சீமெந்து காயும் முன்பே ஈர்க்கு விளக்குமாற்றால் கோடு இழுத்துவிட்டோம். படுக்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு. குளிர்ந்த ஈரத் தரையில் படுத்தால் மடிநோய் வர வாய்ப்பு அதிகம். பின்னால் ஒரு கான். கழுவும் தண்ணீரும் மூத்திரமும் சாணமும் அதன் வழியாக நேரே உயிர்வாயுத் தொட்டிக்குப் போகின்றன. ஓடைக்கு ஒரு சொட்டும் போவதில்லை. மண்ணுக்குள் புதைத்துச் செங்கல்லால் குவிமாடமாகக் கட்டிய தொட்டி அது. மூன்று மாட்டின் சாணம் நாளுக்கு 50 கிலோ அளவில் விழும். அதிலிருந்து வரும் வாயு எங்கள் அடுப்புக்குப் போதும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் வாயு குறையும். அப்போது காலைத் தேநீருக்கு மட்டும் விறகு மூட்டுவோம். மற்ற மாதங்களில் எங்கள் காம்பராவில் புகை இல்லை. லயத்துப் புகையில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

தொட்டியிலிருந்து வெளியேறும் கரைசல் புல்லுக்குப் போகிறது. மிஞ்சியது லீக்ஸ், கோவா பாத்திக்கு. கோழி சாணக் குவியலைக் கிளறிப் புழுவைத் தின்று முட்டை இடுகிறது. மாட்டுக்கு வெளியிலிருந்து வாங்குவது புண்ணாக்கும் தவிடும் கூட்டுத்தீவனமும் தாதுப்பொடியும் மட்டும்தான். அவற்றின் விலை ஏறும்போதெல்லாம் எங்கள் கை கடிக்கும். அந்த நேரத்தில் எங்களைக் காப்பாற்றுவது புல். நல்ல புல்லும் முள்முருங்கைக் குழையும் இருந்தால் தீவன மூடையைக் கொஞ்சம் குறைத்தாலும் பால் அப்படியே இறங்கிவிடாது. புல் இல்லாத பட்டியில் பால் காசு முழுவதும் தீவனக் கடைக்குத்தான் போகும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்களே, அந்த மாதங்கள் உங்களுக்கும் மறந்திருக்காது. அதுவரை நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள், எங்கள் பட்டிக்கு வந்து மூடை கணக்கில் சாணம் கேட்டார்கள். மரக்கறித் தோட்டக்காரர்கள் வந்தார்கள், சிறு தேயிலைத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்திய பிறகும் உரத்தின் விலை பழைய இடத்துக்கு வரவில்லை. அடுத்த வருடம் 400 கிராம் பால்மா பக்கெற் மார்ச் மாதத்தில் 790 ரூபாவுக்கு ஏறியது, அதுவும் கடையில் இல்லை. ஏப்ரலில் பெரிய சமையல் எரிவாயு சிலிண்டர் 4860 ரூபா ஆனது, அதற்கும் வரிசை. நாடே வரிசையில் நின்ற அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் பாலும் இருந்தது, அடுப்பும் எரிந்தது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராவில் கைப்பிள்ளை இருந்தது. ஒவ்வொரு நாளும் அங்கே ஒரு கோப்பை பால் போனது. ஒரு தோட்டத்தில் இப்படிப் பத்துப் பட்டிகள் இருந்திருந்தால் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஏனென்றால் எங்கள் பிள்ளைகளின் நிலைமை அப்படி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் அது நூற்றுக்கு 32 பேருக்குக் கிட்ட. ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாட்டின் பால் தேவையில் பாதியைக்கூட நாம் உற்பத்தி செய்யவில்லை. மிச்சம் பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து மாவாக வருகிறது. அம்பேவலையில் பெரிய பண்ணை நன்றாக நடக்கிறது. அதே குளிர், அதே மழை எங்கள் லயத்துக்குப் பின்னாலும் இருக்கிறது. பிரிசியன், ஜேர்சி, அயர்ஷயர் போன்ற குளிர்நாட்டு மாட்டினங்களுக்கு ஏற்ற சீதோஷ்ணம் இங்கே இருக்கிறது. கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் சினை ஊசிக்கான நிலையம் இருக்கிறது, கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. மாடு வளர்க்கத் தெரிந்த மக்கள் தோட்டம் முழுக்க இருக்கிறார்கள். புல் நடத்தான் இடம் இல்லை.

உங்கள் தரப்பில் சொல்லப்படுபவை எனக்குத் தெரியும். பல வருடங்களாகக் கேட்டவைதான்.

மாடு வைத்தால் ஆள் வேலைக்கு வராது என்பார்கள். என் பெயர் இன்றும் தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) இருக்கிறது. ஐந்து மணிக்குப் பால் கறந்து, ஆறரைக்குப் பால் வண்டிக்கு ஊற்றிவிட்டுத்தான் மலைக்குப் போகிறேன். என் கணவர் புறக்கோட்டையில் ஒரு கடையில் நின்றவர். மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். மாடு மூன்றானதும்தான் ஊரோடு வந்து சேர்ந்தார். அவர் வந்திருக்காவிட்டால் நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போயிருப்பேன். உங்களுக்கு ஒரு கொழுந்தெடுக்கும் ஆள் குறைந்திருக்கும். இளைஞர்கள் தோட்டத்தில் நிற்பதில்லை என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்வதற்குள் எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை வழக்கு, எத்தனை ஊர்வலம். அதை மட்டும் நம்பி ஓர் இருபத்தைந்து வயதுப் பையன் இங்கே நிற்க மாட்டான். பத்து லீற்றர் பால் தரும் ஒரு பசு அவனுடைய பெயரில் இருந்தால் நிற்பான்.

சாணத்தால் ஓடை கெடும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. கொட்டிலை ஓடைக் கரையில் கட்டி, கழிவை அப்படியே தண்ணீரில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கீழ் லயத்துக்காரர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஏன் அங்கே கட்டுகிறார்கள்? கண்ணில் படாத இடத்தில்தான் அனுமதி இல்லாத கொட்டிலைக் கட்ட முடியும். நாளைக்கே உடைக்கச் சொல்லக்கூடிய கொட்டிலுக்கு யார் கொங்கிரீட் போடுவார்கள், யார் உயிர்வாயுத் தொட்டி கட்டுவார்கள்? எழுத்துக் கொடுங்கள், அதில் கழிவுத் தொட்டி கட்டாயம் என்று நிபந்தனையும் போடுங்கள். முதலில் கையெழுத்து வைக்கிறவள் நான்.

தேயிலைக் காணி தேயிலைக்குத்தான் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தேயிலை வருவதற்கு முன், கோப்பிக் காலத்திலேயே, வெள்ளைக்காரத் துரைமார் எருவுக்காகத் தோட்டத்தில் மாடு வளர்த்தார்கள், அந்த மாட்டுக்காகக் கினிப் புல் நட்டார்கள். தேயிலையிலும், பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும் முன் ஒன்றரை, இரண்டு வருடம் குவாத்தமாலாப் புல்லோ மானாவோ நட்டு மண்ணைத் தேற்ற வேண்டும் என்றுதான் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. அந்த நிலையம் இருப்பது எங்கள் தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில். குவாத்தமாலா மாடு தின்னும் புல். அந்தப் புல்லை வெட்டி அந்த மண்ணிலேயே மூடாக்காகப் போட வேண்டும் என்பது முறை. முழுவதையும் மாட்டுக்கு அறுத்துக்கொண்டு போனால் மண்ணுக்குச் சேர வேண்டியது சேராது என்பது எனக்குத் தெரியும். ஆகவே அறுக்கும் புல்லில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு, மீதிக்கு ஈடாக மாட்டெருவைக் கொண்டுவந்து போடச் சொல்லி ஒப்பந்தம் எழுதுங்கள். எந்த அளவு சரி என்பதை ஆராய்ச்சி நிலையத்தாரே சொல்லட்டும். புல்லும் மாடும் தேயிலையும் ஒரே மலையில் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கி வாழ முடியும். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் சிறிதாக அதைத்தான் செய்கிறோம்.

சில கம்பனிகள் தேயிலைச் செடிகளையே குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பராமரித்துக் கொழுந்தைத் தாருங்கள் என்று வருமானப் பகிர்வு முறை நடத்துகின்றன. காய்க்கிற மலையையே ஒரு குடும்பத்தை நம்பி எழுதிக் கொடுக்க முடியும் என்றால், பற்றைக் காடாகக் கிடக்கும் ஓர் அரை ஏக்கரைப் புல்லுக்கு எழுதிக் கொடுப்பதில் என்ன தடை?

கொடுத்தால் திரும்பி வராது, சொந்தம் கொண்டாடுவார்கள் என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இதை மனம் விட்டுப் பேசுவோம். இந்தக் காணி உங்களுக்கும் சொந்தமில்லை. 1972இலும் 1975இலும் அரசு எடுத்த தோட்டங்கள் இவை. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்கு வந்தது, பிறகு 53 வருடக் குத்தகை என்று எழுதப்பட்டது. 2045இல் அது முடிகிறது. நீங்களும் குத்தகைக்காரர், நாங்களும் குத்தகைக்கே கேட்கிறோம். உங்களுக்கு 53 வருடம் எழுதிக் கொடுத்தபோது, இவ்வளவு காலம் உறுதியாக இருந்தால்தான் முதலீடு செய்ய முடியும் என்றுதானே கேட்டு வாங்கினீர்கள்? கொட்டில் கட்டும் எங்களுக்கும் அதே நியாயம் பொருந்தும். எங்கள் முப்பாட்டன்மார் தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்து இருநூறு வருடம் ஆனதை 2023இல் அதே வழியில் நடந்து நினைவுகூர்ந்தோம். 1948இல் பறிபோன குடியுரிமையைத் திரும்பப் பெற எவ்வளவு காலம் ஆனது என்பது உங்களுக்கும் தெரியும். காணி உறுதிக்கான எங்கள் கோரிக்கை அப்படியே இருக்கிறது. அது அரசோடு பேச வேண்டியது, பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அது முடியும்வரை மாடு பட்டினி கிடக்க முடியாது. ஆகவேதான் உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கும் இந்தச் சிறிய விடயத்தை உங்களிடம் கேட்கிறேன்.

எழுத்து இல்லாததால் மூடியே கிடக்கும் கதவுகள் பல. கடனுக்குப் போனால் வங்கியில் முதலில் கேட்பது காணிக்கான ஆவணம். கொட்டில் கட்ட உதவித் திட்டம் வந்தாலும் நிலம் யாருடையது என்ற கேள்வியில் விண்ணப்பம் நின்றுவிடும். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி, சபைகள் தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யலாம் என்று ஆக்கினார்கள். அதே வருடம் மலையகத்தில் புதிய கிராமங்களை உருவாக்க ஓர் அதிகார சபையையும் சட்டத்தால் அமைத்தார்கள். சட்டம் வந்தது நல்லதுதான். அந்தச் சட்டங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் கொட்டில்வரை வந்து சேர, உங்கள் கையெழுத்தும் ஒன்று வேண்டியிருக்கிறது.

மண்சரிவைப் பற்றிப் பேசாமல் மலையகத்தில் இன்று காணியைப் பற்றிப் பேச முடியாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் டிட்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை மலையாகச் சரிந்தது. ஆபத்தான இடத்தில் இருப்பவர்களை இடம் மாற்ற வேண்டும், அதில் இரண்டு பேச்சே இல்லை. ஆனால் புதிய இடத்தில் வீட்டுக்கு மட்டும் காணி அளந்தால், மாடு வைத்திருந்த குடும்பம் மாட்டை விற்றுவிட்டுத்தான் அங்கே போக வேண்டும். வருமானத்தை விட்டுவிட்டு வா என்றால், ஆபத்து என்று தெரிந்தும் பழைய லயத்தையே பிடித்துக்கொண்டு இருப்பார்கள். புதிய குடியிருப்புக்கு இடம் விடும்போது, அதற்குப் பக்கத்தில் பொதுப் புல் நிலம் ஒன்றையும் கொட்டில்களுக்கு ஓர் ஒதுக்கிடத்தையும் சேர்த்து விடுங்கள். சரிவை வெறும் மண்ணாகப் போடுவதைவிட, சமவுயரக் கோட்டில் நெருக்கமாகப் புல் நின்றால் மேல்மண்ணைப் பிடித்து வைக்கும் என்பதையும் யோசியுங்கள்.

கேட்பதை எழுத்தில் எப்படி எழுதலாம் என்று நாங்கள் சில குடும்பங்கள் கூடிப் பேசினோம். தேயிலைக்கு இனி ஆகாது என்று நீங்களே கைவிட்ட நிலத்திலிருந்து, கறவை ஒன்றுக்கு 40 பேர்ச் வீதம் புல் நிலம் வேண்டும். குறைந்தது பத்து வருடத்துக்கு எழுத வேண்டும். நிர்வாகம் மாறினாலும் அந்த எழுத்து மாறக் கூடாது. தவிர்க்க முடியாமல் நிலத்தை எடுக்க நேர்ந்தால் ஒரு வருடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், மாற்று நிலம் காட்ட வேண்டும். புதிதாக நட்ட புல் வெட்டுக்கு வர எங்கள் குளிரில் மாதக்கணக்கில் ஆகும் என்பதால்தான் இவ்வளவு தவணை கேட்கிறோம். குடும்பத் தலைவரின் பெயரோடு அந்த வீட்டுப் பெண்ணின் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் புல் சுமப்பதும் பால் கறப்பதும் பெரும்பாலும் அவள்தான். மருந்தடிக்கும் மலையின் பெயரை முதல்நாளே பெரட்டில், அதாவது காலையில் வேலை பிரிக்கக் கூடும் இடத்தில், சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை, நாளைக்கே தொடங்கலாம்.

எங்கள் பக்கத்திலிருந்து: மாடு தேயிலைக்குள் இறங்கினால் நட்டத்தைக் கட்டுவோம். கழிவை ஓடையில் விட மாட்டோம். நிலத்தை விற்கவோ வேறு ஆளுக்குக் கைமாற்றவோ மாட்டோம், வீடு கட்ட மாட்டோம். வாடகையைக் காசாகவோ எருவாகவோ தருவோம். மாடு வளர்ப்பை விட்டுவிட்டால் நிலத்தைத் திருப்பித் தருவோம், அடுத்துக் காத்திருக்கும் குடும்பத்துக்குப் போகட்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளப் பேச்சில் உட்காரும்போது இந்தப் புல் நிலத்தையும் மேசைக்குக் கொண்டுபோங்கள். கால்நடைக்கும் பெருந்தோட்டத்துக்கும் பொறுப்பான அமைச்சுகள் கம்பனிகளை அழைத்து, எல்லாத் தோட்டத்துக்கும் பொதுவாக ஒரு மாதிரி ஒப்பந்தத்தை எழுதித் தந்தால், தோட்டத்துக்குத் தோட்டம் துரைமாரின் மனநிலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய தேவை இராது.

தென்மேல் பருவமழை மே மாதக் கடைசியில் இறங்கும். கரணை நடுவதென்றால் அதற்கு முன் நிலத்தைக் கொத்தி, அணை கட்டி, எருப் போட்டு வைத்திருக்க வேண்டும். கிடாரியும் அந்த மழையோடுதான் கன்று ஈனும், அதன் பிறகு கறவையில் இருக்கும் நான்கு மாடுகளுக்குப் புல் வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்லுங்கள். தோட்டத்து அலுவலகத்தில் வந்து பேச எந்த நாளைக் குறித்தாலும் வருகிறோம். பாலை ஊற்றிவிட்டு வர ஏழு மணி ஆகும்.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாடு வளர்க்கும் குடும்பத்துப் பெண்